கல்யாண நாள் எந்த மாசம்? தம்பதிகளுக்கு ஒரு கடலூர் - சிதம்பரம் சாப்பாட்டு டூர்!

கல்யாண நாள் அன்று பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கும்? காலையில் கோயில், மதியம் வடை, பாயசத்தோடு சாப்பாடு, சாயங்காலம் ஒரு சினிமா. அந்தப் பாயசத்தைக் கிண்டுவதும், வடையைத் தட்டுவதும், கடைசியில் பாத்திரத்தை ஒழித்துப் போடுவதும் அன்றைய நாயகியேதான்!

வருஷம் முழுக்க அடுப்படியில் நிற்பவர், அந்த ஒரு நாளாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டாமா? அதுவும் அந்தந்த ஊரின் கைப்பக்குவத்தில்? அப்படி நினைக்கும் தம்பதிகளுக்குத் தோதான இடம் கடலூர் மாவட்டம். கடல், கழிமுகம், கோயில் மடப்பள்ளி, பலாத் தோப்பு எல்லாம் இரண்டு நாளில் சுற்றிவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. ஒருவர் சைவம், இன்னொருவர் மீன் இல்லாமல் சாப்பிடமாட்டார் என்றாலும் கவலையில்லை. இருவருக்கும் இங்கே இலை உண்டு.

கிளம்பும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கல்யாணம் எந்த மாசம்? இந்தப் பக்கம் உங்கள் தட்டில் என்ன விழும் என்பதை முடிவு செய்வது அதுதான்.

போகும் வழி ஒன்று, திரும்பும் வழி ஒன்று

சென்னையிலிருந்து காரில் கிளம்புபவர்கள் போகும்போது விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர் வழியாகச் சிதம்பரம் போய்விடலாம். மறுநாள் பிச்சாவரம், கடலூர், புதுச்சேரி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பலாம். முதல் நாள் முழுக்க சைவம், இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் மீன் என்று அமைந்துவிடும். கோயிலுக்குப் போகும் நாளில் அசைவம் வேண்டாம் என்பவர்களுக்கும் இந்த வரிசை சரிப்படும்.

ரயிலில் போகிறவர்களுக்கு விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையில் கடலூருக்குத் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன், அடுத்து சிதம்பரம் ஸ்டேஷன். பிச்சாவரத்துக்கு சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு.

பண்ருட்டி: பலா வாசனையே வழிகாட்டும்

பலா சீசன் பங்குனி, சித்திரையில் சூடுபிடித்து ஆனி வரை போகும். அப்போது பண்ருட்டிப் பக்கம் சாலையோரம் பழங்களை மலைபோலக் குவித்து வைத்திருப்பார்கள். முழுப் பழம் வாங்கினால் காரில் வைக்க இடம் இருக்காது. சுளையாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதே நல்லது. முழுசாகத்தான் வேண்டும் என்றால், முள் அகன்று, தட்டினால் மந்தமாகச் சத்தம் வந்து, வாசனை வெளியே வீசும் பழமாகப் பாருங்கள். கொட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாம்பாருக்கும் பொரியலுக்கும் அதற்கு ஈடு இல்லை.

இதே செம்மண்ணில் முந்திரியும் விளைகிறது. கோடையில் போனால் முந்திரிப் பழத்தையும் ருசிக்கலாம், தொண்டை கொஞ்சம் கரகரக்கும். கடையில் முந்திரிப்பருப்பின் விலை கேட்டு மலைப்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். அந்த ஓட்டை உடைத்து, பருப்பை முழுசாக எடுப்பதில் இந்தப் பகுதிப் பெண்களின் கை உழைப்பு நிறைய இருக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த 'தானே' புயல் இந்தத் தோப்புகளைப் புரட்டிப் போட்டது. தாத்தா வைத்த பலாவும் முந்திரியும் ஒரே நாளில் வேரோடு சாய்ந்தன. பலா கன்று வைத்தால் காய்க்கப் பல வருஷம் ஆகும். இன்று சாலையோரம் நின்று சாப்பிடும் சுளைகளில் பல, அந்தப் புயலுக்குத் தப்பிய மரத்தின் சுளையாகவோ, அதன் பிறகு நம்பிக்கையோடு நட்ட மரத்தின் சுளையாகவோ இருக்கலாம்.

வடலூர்: அணையாத அடுப்பு

மதியம் வடலூர். வள்ளலார் 1867 மே 23 அன்று இங்கே சத்திய தருமச் சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, மதம் எதுவும் கேட்காமல், பசி என்று வந்தவர்களுக்குச் சோறு போடுகிறார்கள்.

சாப்பாட்டு டூரில் இந்த இடம் எதற்கு என்று தோன்றலாம். ஸ்பெஷல் அயிட்டம் எதுவும் இங்கே கிடையாது. எளிய சாப்பாடு, வரிசையாகப் பந்தி, பக்கத்தில் யார் என்றே தெரியாத ஒருவர். ஆனால், கல்யாண நாளில் ஒரு மூட்டை அரிசியோ, முடிந்த தொகையோ கொடுத்துவிட்டு, அதே பந்தியில் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டால், அந்த நாள் வெறும் ஊர்சுற்றலாக முடிந்துவிடாது. மீன் பிரியர்கள் இங்கே ஒரு வேளை பொறுத்துக்கொள்ளுங்கள். உயிர்க்கொலை வேண்டாம் என்றவரின் இடம் இது.

பக்கத்திலேயே சத்திய ஞான சபை இருக்கிறது. தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கி ஜோதி தரிசனம் நடக்கும்.

சிதம்பரம்: கொத்சு இருக்க சாம்பார் எதற்கு?

சாயங்காலம் சிதம்பரம் போய்ச் சேர்ந்து, நடராஜரைத் தரிசித்துவிட்டு, நான்கு தேரோடும் வீதிகளையும் நடந்தே சுற்றிவிடலாம். இரவு லேசாகச் சாப்பிடுங்கள். ஊரின் பெயர் சொல்லும் பலகாரம் காலையில்தான் காத்திருக்கிறது.

சிதம்பரம் கொத்சு! சின்னக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டு, தனியா, காய்ந்த மிளகாய், கடலைப்பருப்பு வறுத்து அரைத்த பொடியைப் போட்டு இறக்குவார்கள். சில வீடுகளில் கத்தரிக்காயைச் சுட்டு மசித்தும் செய்வதுண்டு. பெருங்காயம் தூக்கலாக இருக்கும். கோயில் பக்குவத்தில் வெங்காயம் கிடையாது. ஹோட்டல்களில் சேர்ப்பார்கள்.

இட்லி, பொங்கலுக்கு இது நல்ல ஜோடி. ஆனால், கொத்சுவின் அசல் ஜோடி சம்பா சாதம். வடித்த சோற்றில் நெய், வறுத்துப் பொடித்த மிளகு, சீரகம், உப்பு. அவ்வளவுதான். நடராஜருக்கு நைவேத்தியமாகும் ஜோடி இது. காரமும் நெய்யுமாக இருக்கும் சாதத்தைக் கொத்சுவின் புளிப்பும் எண்ணெயும் தாங்கிப் பிடிக்கும். வெங்காயம், தக்காளி இல்லாமலே ஒரு சாப்பாடு இவ்வளவு நிறைவாக இருக்க முடியுமா என்று சமைப்பவருக்கே ஆச்சர்யமாக இருக்கும்.

இந்த ஊருக்கு இன்னொரு பிரசாதமும் உண்டு, மார்கழித் திருவாதிரைக் களி. அதன் கதையில் வருவதும் ஒரு தம்பதிதான். விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார், தினமும் ஒரு சிவனடியாருக்குச் சோறு போடாமல் தான் சாப்பிடமாட்டார். ஒருநாள் விடாத மழை. விறகு விற்கவில்லை, வீட்டில் அரிசியும் சரியாக இல்லை. இருந்த மாவில் களி கிண்டி, வந்த அடியாருக்குப் படைத்தார்கள். மறுநாள் பார்த்தால் நடராஜர் சன்னிதியில் களி சிதறிக் கிடந்ததாம்! வெல்லக் களியும், பல காய் சேர்ந்த கூட்டும் இன்றைக்கும் ஆருத்ரா தரிசனத்தன்று வீட்டுக்கு வீடு மணக்கும்.

பிச்சாவரம்: இறால் பிறக்கும் காடு

வெயில் ஏறும் முன் பிச்சாவரம் போய்விடுங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்திருக்கும் அலையாத்திக் காடு இது. 2022-ல் ராம்சர் ஈரநிலங்கள் பட்டியலில் இடம்பிடித்தது. எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படப்பிடிப்பு நடந்த இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இளையவர்களுக்கு 'தசாவதாரம்' ஞாபகம் வரும். மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகே மேல். குறுகலான வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும்.

சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் விரல் விரலாக இறங்கியிருக்கும். சிதம்பரத்துக்குத் 'தில்லை' என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரமும் இங்கேதான் இருக்கிறது. கிளையை ஒடித்துப் பார்க்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

இந்த வேர்களின் சந்து பொந்துகளில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் பதுங்கி வளர்கின்றன. காடு இல்லை என்றால் தட்டில் இறால் இல்லை. தண்ணீர் வற்றும் நேரத்தில் இருளர் மக்கள் இடுப்பளவுச் சேற்றில் இறங்கி, வலை இல்லாமல் வெறும் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், அந்தப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். விரலில் முள் குத்தும், நண்டு கடிக்கும். கழி இறால் தொக்கின் விலையில் பேரம் பேசும் முன் அந்தக் கைகளை நினைத்துக்கொள்ளலாம்.

2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் பெரிய பாதிப்பிலிருந்து தப்பின. அலையை ஆற்றுவதால் 'அலையாத்தி' என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

கடலூர்: 'இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?'

மதியச் சாப்பாட்டுக்குக் கடலூர். இங்கே பலரும் செய்யும் தப்பு, உட்கார்ந்ததுமே 'வஞ்சிரம் இருக்கா?' என்று கேட்பது. வஞ்சிரம் சென்னையிலும் கிடைக்கும். மீன் இறங்கும் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி, 'இன்னைக்கு என்ன வந்திருக்கு?' என்பதுதான்.

சங்கரா வந்திருந்தால் குழம்பு. கிழங்கானோ நெத்திலியோ வந்திருந்தால் மொறுமொறு வறுவல். மத்தி மலிவாக இருக்கும், ருசியில் குறை இருக்காது. கொடுவா கிடைத்தால் விடாதீர்கள். சுறாப் புட்டு, பிள்ளை பெற்ற பெண்களுக்கு வீட்டில் செய்துபோடும் பத்தியச் சாப்பாடு. பல வருஷம் கழித்து அதை ஒரு வாய் சாப்பிடும்போது, மூத்த பிள்ளை பிறந்த நாள்களின் பேச்சு தானாக வரும்.

சாயங்காலம் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை. சுண்டலும் பஜ்ஜியும் கொறித்தபடி நடக்கலாம். இங்கிருந்த புனித டேவிட் கோட்டையை 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியர்களிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். 'குண்டு உப்பலவாடி' என்ற ஊரின் பெயரில் அந்தக் குண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

உங்கள் மாசத்துக்கு என்ன?

தை, மாசி: எல்லாவற்றுக்கும் தோதான காலம். மழை ஓய்ந்து, கடலும் கழியும் அமைதியாக இருக்கும். தைப்பூசத்துக்கு வடலூரிலும், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம், கிள்ளை கடற்கரைகளிலும் கூட்டம் நெரியும். ரூம் கிடைப்பது கஷ்டம்.

சித்திரை, வைகாசி: முகூர்த்தங்கள் நிறைந்த மாசங்கள், ஆனால் மீனுக்கு ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீனவக் குடும்பங்கள் அரசு தரும் நிவாரணத்தை வைத்துச் சமாளிக்கும் நாள்கள் இவை. இந்த நேரத்தில் ஹோட்டலில் பெரிய மீன் இருந்தால், அது ஐஸில் இருந்ததாகவோ வெளியூரிலிருந்து வந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். சிறு படகுகள் கொண்டுவரும் சின்ன மீன், கழி நண்டு, அல்லது மாங்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு கேளுங்கள். ஆனால், பலாவுக்கு உங்கள் மாசம்தான் ராஜா.

ஆனி: தடை முடிந்து படகுகள் முதல் பாட்டோடு திரும்பும் நேரம். பலாவும் கடைசிக் கட்டத்தில் இருக்கும். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனமும் வரும். மீனும் பலாவும் ஒரே பயணத்தில் கிடைக்கும் மாசம் இது.

ஆவணி: மீன் பிரியர்களின் மாசம். புரட்டாசி பிறப்பதற்குள் போய்விட வேண்டும் என்று வீட்டில் அவசரப்படுத்துவார்கள்!

ஐப்பசி, கார்த்திகை: மழை, புயல் காலம். பிச்சாவரத்தில் படகு ஓடாமல் போகலாம், மீனவர்களும் கடலுக்குப் போகாத நாள்கள் வரும். கிளம்பும் முன் வானிலைச் செய்தி பாருங்கள். கொட்டும் மழையில் சூடான சம்பா சாதமும் கொத்சுவும் சாப்பிடும் சுகம் மற்ற மாசக்காரர்களுக்குக் கிடைக்காது.

திரும்பும்போது பையில் கால் கிலோ முந்திரியும், கொஞ்சம் கருவாடும் இருக்கட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்சு செய்யும் முறை சமைத்துப் பழகியவருக்குச் சாப்பிடும்போதே பிடிபட்டிருக்கும். அன்று கத்தரிக்காய் நறுக்கும் வேலையை மட்டும் கணவர் எடுத்துக்கொள்ளலாம்.