வெள்ளைக்கருவும் வெண்ணெயும்

பேரப்பிள்ளைக்கு ஊட்டுவது பாட்டன்மாரின் பிறப்புரிமை என்று எண்ணி வாழ்ந்தவன் நான். அவ்வுரிமையை என்னிடமிருந்து பறித்தது ஒரு சிறிய இலத்திரனியல் தராசு. ரொறன்ரோ நகரில் என் மகளின் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், அது வீற்றிருந்தது.

ஆறு வயதுப் பேரனுக்கு வலிப்பு நோய். இரண்டு மருந்துகளுக்கும் அது அடங்காமற் போகவே, வைத்தியர்கள் அவனைக் கீற்றோ உணவில் வைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மாதங்கள் கழிந்திருந்தன. வாரத்திற் பலமுறை வந்த வலிப்பு மாதத்திற்கு ஒன்றிரண்டாகக் குறைந்திருந்தது.

முதல்நாட் காலையில் அவனது தட்டைக் கண்டு திகைத்தேன். சிறிதளவு முட்டை, அதனைவிடப் பெரிதாய் ஒரு வெண்ணெய்க் கட்டி, சின்னக் குவளையிற் கிறீம், மெல்லிய வெள்ளரித் துண்டுகள் மூன்று.

“இதென்ன பிள்ளை சாப்பாடு? வெண்ணெய்க்குத் தொட்டுக்கொள்ள முட்டை வைத்த மாதிரி இருக்குது” என்றேன்.

“அதுதான் அப்பா கணக்கு. கொழுப்பு நாலு பங்கு, மற்ற இரண்டும் சேர்ந்து ஒரு பங்கு” என்றாள் மகள்.

மற்ற இரண்டென்று அவள் சொன்னவை புரதமும் காபோவைதரேற்றும். நாலு கிராம் கொழுப்புக்கு அவ்விரண்டும் கூடி ஒரு கிராமே என்பது விதி. கலோரியிற் கணக்கிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு கொழுப்பிலிருந்தே வருகிறது. தட்டில் ஒட்டியிருக்கும் நெய்ப்பசையையும் வழித்து ஊட்டிவிட வேண்டும். அதுவும் கணக்கிற் சேர்ந்ததே.

முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்று, புரதம் உடலை வளர்ப்பது, கொழுப்பை அளவோடு உண்க என்று கரும்பலகையில் எழுதியவன் நான். என் கண்ணுக்கு அந்தத் தட்டிற் குழந்தைக்குரிய உணவு இல்லை. சீனி கூடாது, பாண் கூடாது, சோறு கூடாது என்பது எனக்கு விளங்கிற்று. ஆனால் முட்டையின் வெள்ளைக்கருவிலே சீனி ஏது? அவித்த கோழியிலே மா ஏது? மகள் வேலைக்குப் போன பின், நாளொன்றுக்கு இரண்டு வெள்ளைக்கருவும் ஒரு கைப்பிடி கோழியிறைச்சியும் அவனுக்குக் கொடுத்து வந்தேன். ஒரு வாரம் இது நடந்தது. பிள்ளையும் “அம்மப்பா, இன்னும்” என்று கேட்டு வாங்கினான். களவென்று நான் கருதவில்லை; கருணையென்றே கருதினேன்.

சிறுநீரிற் கீற்றோன் உண்டா என்று பார்க்கும் பட்டை ஒன்று உண்டு. வழமையாகக் கருஞ்சிவப்பாய் மாறுவது அந்த வார முடிவில் வெளிர்நிறத்தோடு நின்றுவிட்டது. மகள் பட்டையைப் பார்த்தாள். பின் என்னைப் பார்த்தாள்.

“அப்பா, இவனுக்கு வேறை ஏதேனும் குடுத்தனீங்களோ?”

சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இரவு அவனுக்கு வலிப்பு வந்தது. ஒரு வலிப்பை ஒரு காரணத்தோடு கட்டிவிட முடியாது, காய்ச்சலும் தூக்கக் குறைவுங்கூட அதனைக் கொண்டுவரும் என்றார் வைத்தியர். என்னை ஆற்றுதற்காகச் சொன்னாரோ, உண்மையே அதுதானோ, அறியேன்.

அதன் பின்னரே, முன்னர் படித்திருக்க வேண்டியவற்றைப் படித்தேன். காபோவைதரேற்றுக் கிடையாத உடல் கொழுப்பை எரிக்கும். ஈரல் அதிலிருந்து கீற்றோன்களை ஆக்கும். மூளை குளுக்கோசுக்குப் பதிலாகப் பெரும்பாலும் அவற்றைக் கொண்டு இயங்கும். இந்நிலை நீடிக்கும்வரை பலருக்கு வலிப்பு அடங்குகிறது. புரதம் இங்கே நடுநிலையாளன் அன்று. அமினோவமிலங்கள் பலவற்றை ஈரல் குளுக்கோசாக மாற்ற வல்லது. புரதம் இன்சுலினையும் ஓரளவு தூண்டும். புரதம் மிகுந்தால் கீற்றோன் குறையும். குறைந்தாலோ தசை தேயும், பிள்ளையின் வளர்ச்சி நிற்கும். ஆகவே கொழுப்பின் அளவைப் பசி நிர்ணயிப்பதில்லை. புரதத்தின் அளவை ஆசை நிர்ணயிப்பதில்லை.

இக்கணக்கு நேற்று வந்ததன்று. 1921இல் அமெரிக்காவின் மாயோ வைத்திய நிலையத்தைச் சேர்ந்த றசல் வைல்டர் இவ்வுணவை முன்மொழிந்து பெயருமிட்டார். பட்டினி கிடந்தால் வலிப்பு நிற்பதைக் கண்டவர்கள், பட்டினியின் விளைவை உணவினாற் பெறலாமோ என்று தேடியதன் பயன் அது. 1925இல் அங்கேயே பீற்றர்மன் அளவுகளை வகுத்தார்: உடல் நிறையிற் கிலோ ஒன்றுக்குப் புரதம் 1 கிராம், காபோவைதரேற்று நாளுக்கு 10 முதல் 15 கிராம், எஞ்சியது முழுதும் கொழுப்பு.

என் பேரன் 20 கிலோ. நாளுக்குரிய புரதம் 20 கிராம் ஆகின்றது. ஒரு பெரிய முட்டையின் வெள்ளைக்கருவில் ஏறத்தாழ மூன்றரைக் கிராம். 50 கிராம் அவித்த கோழி நெஞ்சிறைச்சியில் ஏறத்தாழ 15 கிராம். நான் கருணையோடு கொடுத்தது 22 கிராம். ஒரு நாட் பங்கை இரட்டித்திருக்கிறேன். விகிதம் குலையாதிருக்க அதனோடு 88 கிராம் கொழுப்பும் ஊட்டியிருக்க வேண்டும். கணக்கும் கற்பித்தவன் நான்!

கொழுப்பின்றிப் புரதம் மட்டும் உண்டால் என்னாகும் என்பதை ஒருவர் தம் உடலிலேயே காட்டியிருக்கிறார். வடதுருவப் பயணி வில்ஹியால்மர் ஸ்ரெபான்சன் இனுயிற் மக்களோடு நீண்டகாலம் வாழ்ந்து, அவர்களைப்போல் இறைச்சியும் மீனுமே உண்டவர். நாகரிக உலகம் அதனை நம்ப மறுத்தது. 1928இல் அவரும் தோழர் கார்ஸ்ரன் அன்டர்சனும் நியூயோர்க்கின் பெல்வியூ வைத்தியசாலையில் வைத்தியர் கண்காணிப்பின்கீழ் இறைச்சியுணவைத் தொடங்கினர். ஓராண்டு அதனையே உண்டனர். தொடக்கத்தில், ஆய்வாளர் விருப்பப்படி, ஸ்ரெபான்சன் கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் உண்டார். சில நாட்களுக்குள்ளேயே குமட்டலும் வயிற்றோட்டமும் கண்டன. கொழுப்பைச் சேர்த்தார்கள், தேறிவிட்டார். அதன்பின் அவர்கள் பெற்ற கலோரியில் ஏறத்தாழ நாலிலே மூன்று பங்குக்கு மேல் கொழுப்பே. இறைச்சி மட்டும் உண்டவர்கள் என்று உலகம் பேசிற்று. உண்மையில் அவர்கள் கொழுப்புண்டவர்கள்.

வடதேசக் காடுகளில் இந்த நோய்க்கு ‘முயற்பட்டினி’ என்று பெயர். முயலிலே கொழுப்பு மிகக் குறைவு. முயலைத் தவிர வேறொன்றும் அகப்படாத காலத்தில் வேடர்கள் வயிறு புடைக்கத் தின்றும் பசி தீராது வாடினார்கள். புரதத்தின் நைதரசனை யூரியாவாக்கி அகற்றும் ஈரலின் ஆற்றலுக்கு ஓர் எல்லையுண்டு. வயிறு நிறைந்தும் பட்டினி என்பது இதுதான் போலும்.

உடல் மெலிவதற்கென இவ்வுணவைக் கைக்கொள்ளும் பெரியவர்களுக்கு நாலுக்கு ஒன்று என்ற கடுமை வேண்டியதில்லை; அவர்கள் கூடுதலாகவே புரதம் உண்ணலாம். எனினும் என் பழைய மாணவன் ஒருவன் சோற்றையும் விட்டு, கொழுப்புக்கும் அஞ்சி, தோல் நீக்கிய கோழியும் வெள்ளைக்கருவுமாய்ச் சோர்ந்து திரிந்தபோது, நான் முயலின் கதையைச் சொல்ல நேர்ந்தது. அவன் வைத்தியரைக் கண்ட பின்னரே தொடங்கியிருக்கலாம்.

1938இல் பெனிற்றோயின் என்ற மருந்து வந்தபின் வைல்டரின் உணவு மெல்ல மறக்கப்பட்டது. 1990களிலே மீண்டும் எழுந்தது. 2008இல் இலண்டனிலிருந்து வெளியான ஓர் ஆய்வு 145 பிள்ளைகளைக் கொண்டது. உணவை மேற்கொண்டோரில் நூற்றுக்கு 38 பேருக்கு வலிப்பு பாதிக்குமேற் குறைந்தது. மேற்கொள்ளாதோரில் நூற்றுக்கு 6 பேருக்கே அது வாய்த்தது. எல்லோருக்கும் பலிப்பதில்லை என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. மலச்சிக்கலும் சிறுநீரகக் கல்லும் வரக்கூடும். இரத்தச் சோதனை ஓயாது.

எங்கள் தேங்காய்க்கும் இதில் ஓர் இடமுண்டு. அதன் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, ஏனைய கொழுப்பைவிட விரைந்து கீற்றோனாகிறது. 1971இல் ஹற்றன்லொக்கர் என்னும் வைத்தியர் அதனைக் கொண்டு ஓர் உணவுமுறை வகுத்தார். அதனால் தட்டிற் புரதத்துக்கும் காய்கறிக்கும் கொஞ்சம் கூடுதலாக இடம் கிடைத்தது. பேரனுடைய போசாக்கியலாளரும் சில மாதங்களின் பின் அந்த எண்ணெயைச் சேர்த்தார். போத்தலைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, வளவிலே விழுந்து கிடந்த தேங்காய்கள் நினைவுக்கு வந்தன.

ஊருக்குத் திரும்புமுன் ஒருநாள் மகள் என்னையே நிறுக்கச் சொன்னாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முட்டை 28 கிராமில் நிற்கும்வரை கரண்டி நுனியாற் கிள்ளிக் கிள்ளி எடுத்தேன். எஞ்சியதை நான் சாப்பிட்டேன். அவன் வெண்ணெயை முதலில் முடித்துவிட்டு, தட்டை வழிக்கும்படி என்னிடம் நீட்டினான்.