குடலுக்குள் ஒரு காவல் படை

பிள்ளைக்குச் சீதமும் இரத்தமும் கலந்து வயிற்றோட்டம் கண்டால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும். அந்தச் சீதம் எங்கிருந்து வருகிறது? அறிவியல் கூறும் விடையை அறிந்துகொள்வது நல்லது.

நமது குடலின் உட்புறத்தைப் போர்த்தியிருப்பது ஒரே வரிசை உயிரணுக்கள்தாம். அதற்கு ஒரு பக்கம் கோடானுகோடி பாக்டீரியாக்கள். மறுபக்கம் இரத்தக் குழாய்கள். அந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை நமக்கு நண்பர்களே. நாம் உண்ணும் கீரை, பயறு ஆகியவற்றின் நாரைத் தின்று, குடலுக்கு உணவாகும் அமிலங்களைத் தருகின்றன.

பகைக் கிருமி புகுந்தால் கதை வேறு. 1897இல் ஜப்பானில் கடும் சீதபேதி பரவியபோது, கியோஷி ஷிகா என்னும் மருத்துவர் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். அவர் பெயராலேயே அது ஷிகெல்லா எனப்படுகிறது. நூறு கிருமிகள் வாய்க்குள் போனாலே நோய் வரக்கூடும்.

பாக்டீரியா தன் புரதங்களைச் செய்யும்போது, தொடக்கத்தில் 'ஃபார்மைல் மெத்தியோனின்' என்னும் பொருளைச் சேர்க்கிறது. நம் உடலின் புரதங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்த அடையாளம் கிடையாது. இது ஒட்டிய துணுக்குகள் கசிந்தால், வெள்ளையணுக்கள் அந்நியன் வந்திருப்பதை உணர்கின்றன. 1975இல் ஆய்வாளர்கள் இதனைக் கண்டறிந்தனர். தாக்கப்பட்ட குடல் அணுக்களும் தம் பங்குக்கு இரசாயன அழைப்பு விடுக்கின்றன.

சிந்திய சீனியை எறும்பு தேடி வருவதுபோல, வெள்ளையணுக்கள் இரத்தக் குழாயை விட்டு வெளியேறி, குடல் அணுக்களின் இடுக்கில் நுழைந்து, கிருமிகளை விழுங்கிக் கொல்கின்றன. ஆனால் அந்தப் போரில் குடல் சுவரும் புண்படுகிறது. திறந்த இடுக்கு வழியே ஷிகெல்லா மேலும் உள்ளே நுழைகிறது. மடிந்த வெள்ளையணுக்களும் சீதமும் இரத்தமும் சேர்ந்துதான் வெளியே வருகின்றன.

ஆகவே, தாய்மார்களே! இரத்தம் கலந்து போனால், வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கிருமி குடலிலேயே தங்கித் தீங்கு பெருகும். பிள்ளையைப் பட்டினி போடவும் வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் கிடைக்கும் உப்புச் சீனி மாவை, பொட்டலத்தில் சொன்ன அளவு சுத்தமான நீரில் கரைத்து, அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலம் கழித்த பின்னும் சமைக்குமுன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். குடிநீரைக் கொதிக்க வையுங்கள். உள்ளிருக்கும் காவல் படைக்கு வேலை வைக்காதிருப்பது நம் கையில்தான் இருக்கிறது.