மாட்டுக்குக் காய்ச்சல் இல்லை, ஆபத்து உண்டு

மாடு தீனி எடுக்காமல் நின்றால் நம் ஆட்கள் முதலில் காதைத் தொட்டுப் பார்ப்பார்கள். "சூடில்லை, நாளைக்குச் சரியாயிடும்" என்பார்கள். பசுவின் சாதாரண உடல்சூடு சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். கிருமி புகுந்தால் அது ஏறும். ஆனால் உலோக விஷம் புகுந்தால் ஏற வேண்டும் என்பதில்லை, இறங்கவும் செய்யும்.

பாராகுவாட் வருமுன் ரப்பர் தோட்டங்களில் சோடியம் ஆர்சினைட் என்ற களைக்கொல்லி அடித்தது பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். பாஷாணம் என்று நாம் சொல்லும் ஆர்செனிக்தான் அது. உப்புக் கரிப்பதால் மாடு தேடிப்போய் நக்கும். தின்ற தீனி உடம்பின் அணுக்களுக்குள் மெல்ல எரிவதால்தான் சூடும் பலமும் உண்டாகின்றன. அதை எரிய வைக்கும் என்சைம்களை ஆர்செனிக் பிடித்துக் கட்டிவிடும். அடுப்பு நிறைய விறகிருந்தும் நெருப்புப் பிடிக்காத கதைதான். தண்ணீராய்க் கழியும், கால் தள்ளாடும், காதும் காலும் சில்லிட்டுப் போகும். ஒரே நாளில் மாடு செத்துவிடலாம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்கு நிக்கல், காட்மியம் செலுத்திப் பார்த்தபோதும் உடல்சூடு குறைந்தது. விசித்திரம் என்னவென்றால், அந்த எலிகள் கதகதப்பை விட்டுக் குளிர்ந்த இடத்தையே நாடின.

இன்று நம் லயத்தில் பயப்பட வேண்டியது ஈயம். கொல்லைப்புறத்தில் உடைந்து கிடக்கும் பழைய கார் பேட்டரியை மாடு நக்கும். கன்றுக்குட்டி இன்னும் ஆசையாய் நக்கும். ஈயம் ரத்தம் ஊறுவதைத் தடுக்கும், மூளையைத் தாக்கும். கண் தெரியாமல் முட்டிக்கொள்ளும், பல்லை நறநறக்கும், வலிப்பு வரும். வலிப்பில் உடம்பு சுடுவதைப் பார்த்து, காய்ச்சல் என்று கஷாயம் ஊற்றிக் கொண்டிருக்காதீர்கள். வாய்க்குள் கையும் விடாதீர்கள். உடனே கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். மாடு எதை நக்கியது, எங்கே மேய்ந்தது என்பதையும் சொல்லுங்கள்.

அந்த மாட்டின் பாலில் ஈயம் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. மாடு தேறி நடந்தாலும் ஈயம் எலும்பில் தங்கியிருக்கும். ஆகவே டாக்டர் சோதித்துச் சரியென்று சொல்லும்வரை பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, விற்கவும் கூடாது. பால்காசு போகிறதே என்ற வருத்தம் புரிகிறது. ஆனாலும் கொட்டத்தான் வேண்டும்.

தூண்டிலுக்குக் குண்டு வார்க்க வீட்டு வாசலில் பேட்டரி ஈயத்தை உருக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தப் புகையும் தூசியும் மாட்டை மட்டுமா தேடிப் போகும்? பழைய பேட்டரியை உடைக்காமல், மழை படாமல், மாடும் பிள்ளையும் எட்டாத இடத்தில் வைத்து, பேட்டரிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.