ஆசிரியரைப் பயிற்றிய முதல் மனை

ஐக்கிய அமெரிக்காவில் அரசாங்கம் நிறுவிய முதலாவது ஆசிரிய பயிற்சிக் கலாசாலை, மசச்சூசெற்ஸ் மாநிலத்து லெக்சிங்ரன் ஊரிலே, 1775 இல் சுதந்திரப் போரின் முதல் வெடி முழங்கிய புற்றரையின் ஓரத்திலே தொடங்கிற்று. அதற்கு வாய்த்த மரவீடு புதிதன்று. 1822 இல் வேறொரு கல்விச்சாலைக்கென எழுந்தது. நமது வட்டுக்கோட்டைச் செமினரிக்கு ஓராண்டே மூத்தது. அச்செமினரியை நிறுவிய மிஷனாரை அனுப்பிய சங்கமும் அம்மாநிலத்துப் பொஸ்ரன் நகரிலேயே இருந்ததென்பதை நாம் ஈண்டு நினைவுகூரலாம்.

1839 யூலை 3 இல் வந்து சேர்ந்த மாணவியர் மூவரே. அதிபர் சைறஸ் பியர்ஸ் தளர்ந்தாரல்லர். கற்பித்தலோடு, விடியுமுன் எழுந்து கணப்பு மூட்டலும் பனி வாரலும் அவர் பணியாயின. சின்னாட்களில் சிறார்க்கென மாதிரிப் பாடசாலையொன்றும் உடனமைந்தது. தாம் கற்ற முறையை மாணவியர் ஆங்கே கையாண்டு பார்த்தனர். யாழ்ப்பாணத்துக் கலாசாலைகளிற் பயின்றோர்க்கு இவ்வழக்கம் புதிதன்று. எனினும் அக்காலத்து அமெரிக்காவில் அது பெரும் புதுமை. அம்மனையின் தலையாய சிறப்பு இதுவே என்பது எமது துணிபு.

மறுவருடமே, இத்தகைய கலாசாலைகளை ஒழிக்கும் பிரேரணை சட்டசபைக்கு வந்தது. 182 பேர் ஆதரித்தனர். 245 பேர் எதிர்த்தமையாற் கலாசாலை பிழைத்தது. இடம் போதாமையால் 1844 இல் வெஸ்ற் நியூற்றனுக்கும், 1853 இல் பிரேமிங்கமுக்கும் பெயர்ந்து, இன்று அங்கே பல்கலைக்கழகமாய் விளங்குகின்றது. பழைய மரவீடோ பிறர் கைப்பட்டுப் பின்னர் மேசன் சங்கத்தாரின் மண்டபமாயிற்று.