விவிலியம் வாசிப்பது எதற்காக?

ஜவ்வாது மலையில் சாமை அறுவடை முடிந்திருந்த ஒரு மாலைப் பொழுது. ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில், வீட்டுத் திண்ணையொன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி விவிலியம் வாசித்துக் கொண்டிருந்தார்கள். நண்பர் ஒருவருடன் சென்றிருந்த நானும் அமர்ந்தேன். அன்றைய பகுதி மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக் கூலியாள்களின் உவமை.

விடியற்காலையில் வேலைக்கு வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் நிலக்கிழார் ஒரே கூலி கொடுக்கிறார். நாள் முழுவதும் வெயிலில் உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்த எனக்கு இந்த உவமை எப்போதும் சற்று இடறலானது. உழைப்பின் விளைவுக்கு ஏற்பவே கூலி அமையும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைபடம் போட்டுக் காட்டியவன் நான். நிலக்கிழாரின் செயலை இறைவனின் அளவற்ற அருளுக்கு உருவகம் என்று கொண்டு கடந்து சென்று விடுவேன்.

அங்கே அமர்ந்திருந்த நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் அப்படிக் கடந்து செல்லவில்லை. 'காலையில வேல கெடச்சவருக்குக் கூலி எவ்வளவுங்கிறதுதான் கவல. அஞ்சு மணி வரைக்கும் நின்னவருக்கு, வெறுங்கையோட வீட்டுக்கு எப்படிப் போறதுங்கிற கவல. அதுக்கும் சேத்துத்தாங்க ஐயா அந்தக் கூலி' என்றார்.

நூறு முறையாவது அந்தப் பகுதியை நான் வாசித்திருப்பேன். வேலை கிடைக்காமல் சந்தைவெளியில் நின்றவரின் இடத்தில் ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை.

அவருக்கு அந்தக் காத்திருப்பு உவமை அன்று. மழையை நம்பிய சாமையும் புளியும் ஆண்டு முழுவதும் சோறு போடாததால், மலையைவிட்டு வெளியூர்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் இங்கு ஏராளம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகக் கூறிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களுள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. கூலிக்கு யார் கூப்பிட்டாலும் போக வேண்டிய நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிந்தவர்கள் இம்மக்கள்.

ஆன்மிக வளர்ச்சி என்பது என்ன என்ற கேள்வி அன்றிரவு முழுவதும் என்னைத் தொடர்ந்தது. ஆண்டுக்கொரு முறை விவிலியத்தை முழுமையாக வாசித்து முடிக்கும் வழக்கம் எனக்குண்டு. நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரங்கள் என்பது கணக்கு. நல்ல வழக்கம்தான். ஆனால், இடுபொருளின் அளவையே விளைச்சலின் அளவாகக் கொள்வது பொருளியலில் தொடக்கநிலைப் பிழை. பள்ளிக் கட்டடங்களை எண்ணிக் கல்வி வளர்ந்தது என்று கூறுவதைப் போன்றது அது. வகுப்பறையில் நான் சுட்டிக் காட்டிய அதே பிழையை எனது வழிபாட்டு அறையில் செய்து வந்திருக்கிறேன்.

கிறிஸ்தவ மரபு இந்தப் பிழையை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி, இறைநூல் வாசிப்பை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், ஆழ்நிலையில் அமைதல் என்பன அவை. வாசிப்பது உணவை வாயிலிடுவது, சிந்திப்பது மெல்லுவது, மன்றாடுவது அதன் சுவையை உணர்வது, நான்காவது படி அந்த இனிமையில் திளைப்பது என்பது அவர் தந்த ஒப்புமை. முதல் படியிலேயே நின்றுவிடுபவர், வாய் நிறைய உணவை வைத்துக்கொண்டு பசியோடிருப்பவர்.

துறவு மடங்களுக்குள் வளர்ந்த இந்த முறை எளிய மக்களிடம் வந்து சேர, நூல் அவர்களுடைய மொழியில் இருக்க வேண்டும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு, 1715-இல் அச்சாகி நிறைவு பெற்றது. இந்திய மொழி ஒன்றில் முதன்முதலில் அச்சேறிய புதிய ஏற்பாடு அதுவே. கத்தோலிக்கத் திருச்சபையில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, பொதுநிலையினர் அனைவரும் விவிலியத்தை வாசிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. இரு சபையினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு, 1995-இல் 'திருவிவிலியம்' என வெளிவந்தது.

மொழிபெயர்ப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு என் இளமையே சான்று. பழைய பெயர்ப்பில் கடைசிக் கூலியாள் வருவது 'பதினோராம் மணி வேளை'. சூரிய உதயத்திலிருந்து எண்ணும் யூதக் கணக்கு அது என்பதை அறியாமல், அவர் முற்பகல் பதினொரு மணிக்கே வந்துவிட்டதாகச் சிறுவயதில் நினைத்திருந்தேன்.

வாசித்தது வாழ்வானதற்கு ஜவ்வாது மலையடிவாரத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1921-இல் சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தனர். கதர் அணிந்து, எளிய உணவு உண்டு, ஏழைகளுக்கு மருத்துவம் செய்தார்கள். திராவிடக் கட்டடக் கலையில் கோபுரத்துடன் ஜெபாலயம் எழுப்பினார்கள். 1932-இல் சென்னையில் சின்னண்ணனைக் காவலர்கள் தடியால் அடித்த நிகழ்வு, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை எதிரொலித்தது.

என் துறையைச் சேர்ந்த மற்றொருவர், தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று காந்தியடிகளுடன் இணைந்த அவர், இயேசுவின் போதனைகள் குறித்த நூலையும், 'நிலைத்த பொருளாதாரம்' குறித்த நூலையும் ஜபல்பூர் சிறையில் எழுதினார். இரண்டு நூல்களும் ஒரே சிறைவாசத்தில் பிறந்தது தற்செயல் அன்று. ஒட்டுண்ணிப் பொருளாதாரம் தொடங்கிச் சேவைப் பொருளாதாரம் வரை அவர் வகுத்த படிநிலைகளில், பிறரிடமிருந்து பறிப்பது கீழ்ப்படி. பயன் கருதாமல் தருவது மேற்படி. ஆன்மிக வளர்ச்சிக்கும் இதைவிடப் பொருத்தமான அளவுகோல் உண்டா?

இறைநூலைச் சமூகச் சீர்திருத்தக் கையேடாக மட்டும் சுருக்கிவிடலாகாது என்று சிலர் கூறுவர். உண்மைதான். ஜெபமும் மௌனமும் இல்லாத வாசிப்பு விரைவில் வறண்டுவிடும். ஆசிரமத்தின் நடுவே ஜெபாலயம் இருந்தது அதனால்தான். எனினும், மறைநூல் வரிகளை மேற்கோள் காட்டுவது மட்டுமே வளர்ச்சியாகிவிடாது. பாலைநிலத்தில் இயேசுவைச் சோதித்த அலகையும் மறைநூலை மேற்கோள் காட்டியதாகவே நற்செய்தி கூறுகிறது. விதை எவ்வாறு முளைக்கிறது என்பது விதைத்தவனுக்கே தெரியாது என்கிறது மாற்கு நற்செய்தி. வளர்ச்சியை நாம் அவசரப்படுத்த முடியாது. ஆனால், கனியைச் சோதித்துப் பார்க்க முடியும். அன்பு, பொறுமை, பரிவு என்று பவுலடியார் பட்டியலிடும் கனிகளுள் பலவும் அடுத்தவரோடு நாம் நடந்துகொள்ளும் முறையில்தான் வெளிப்படுகின்றன.

மலையிலிருந்து இறங்கும்போது ஒரு கணக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதம், எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்மணி குழந்தைக்குக் காய்ச்சல் என்று நான்கு நாள்கள் வரவில்லை. மாத இறுதியில் நான்கு நாள் ஊதியத்தைப் பிடித்துக்கொண்டேன். கணக்கு சரி, ஒரு ரூபாய்கூடப் பிழையில்லை. அந்த நான்கு நாள்களும் காலையில் நான் விவிலியம் வாசித்தேன் என்பதும் சரி.

வீடு திரும்பியதும் அந்தத் தொகையைக் கொடுத்தேன். 'இது எதுக்குங்க ஐயா?' என்று கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த ஆண்டு நான் விவிலியத்தை முழுமையாக வாசித்து முடிக்கப் போவதில்லை. திராட்சைத் தோட்டத்திலேயே இன்னும் நின்று கொண்டிருக்கிறேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)