குழல் விளக்கை எல்இடியாக மாற்றுமுன் சோக்கையும் சக்கையும் பாருங்கள்

நான்கடி குழல் விளக்குக்கு நாள் குறித்தாகிவிட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாத்தா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடின. பழைய ரகக் குழல்களை 2026-க்குப் பிறகும், மூவண்ணப் பாஸ்பர் பூசிய புதிய ரகத்தை 2027-க்குப் பிறகும் தயாரிக்கவோ, ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்று அங்கே முடிவெடுத்தன. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கும் முந்தியே, 2023 ஆகஸ்டில், சந்தைக்குப் புதிதாக டி8, டி5 குழல்கள் வருவதை நிறுத்திவிட்டது. உலகச் சந்தை கைவிட்ட பொருள் நம் ஊர் மின்சாமான் கடையில் மட்டும் நெடுநாள் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மலாக்காவின் சுங்கை ஊடாங் வட்டாரத்தில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் ராணுவ முகாம், மறுபக்கம் 1994-இல் ஓடத் தொடங்கிய பெட்ரோனாஸ் சுத்திகரிப்பு ஆலை. இவற்றைச் சுற்றி மோட்டார் சைக்கிள் கடை, டயர் கடை, வெல்டிங் கடை, லேத் போட்டுத் தண்டு கடையும் இடம் என்று தொழில் வளர்ந்திருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே நீளவாக்கில் தொங்கும் கலிமந்தாங் எனும் குழல் விளக்குகள்தான் இவற்றில் பலவற்றுக்கு இன்னும் வெளிச்சம். அதை மாற்ற நினைக்கும் தவுக்கே முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு மிச்சமாகும் என்பதுதான். கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

டி8 குழலின் மேல் 36 வாட் என்று போட்டிருக்கும். ஆனால் விளக்குப் பெட்டிக்குள் இருக்கும் சோக், சூடாவதற்கே எட்டு, ஒன்பது வாட் தின்னும். ஆக ஒரு விளக்குக்கு 45 வாட். இருபது விளக்கு உள்ள பட்டறை, நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 234 யூனிட். அதே இடத்தில் 18 வாட் எல்இடி போட்டால் 94 யூனிட்டுக்குள் அடங்கும். யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்தால் மாதம் 70 வெள்ளி மிச்சம். எல்இடி குழாய்க்கும் கூலிக்கும் சேர்த்து விளக்கு ஒன்றுக்கு 22 வெள்ளி ஆனாலும், போட்ட 440 வெள்ளி ஏழு மாதத்துக்குள் திரும்பிவிடும். பட்டறைக்காரர் போடும் முதலீட்டில் இவ்வளவு சீக்கிரம் கைக்கு வருவது அபூர்வம். அதனால்தான் அவசரமும் வருகிறது.

மாற்றுவதற்கு மூன்று வழி உண்டு. முதலாவது எளியது. பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, குழாயோடு வரும் எல்இடி ஸ்டார்ட்டரை மாட்டுவது. அந்த ஸ்டார்ட்டருக்குள் ஒரு ஃபியூஸ் மட்டும்தான் இருக்கும், மின்சாரம் பழைய சோக் வழியாகவே போகும். ஏணியில் ஏறி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பெட்டிக்குள் சோக்குக்குப் பதில் எலெக்ட்ரானிக் பாலாஸ்ட் இருந்தால் மட்டும் இந்த வழி செல்லாது.

இரண்டாவது, சோக்கையும் கப்பாசிட்டரையும் எடுத்துவிட்டு மின்சாரத்தை நேராகக் குழாய்க்குக் கொடுப்பது. பிரச்சினைகள் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கின்றன. சில குழாய்களுக்கு லைனும் நியூட்ரலும் ஒரே முனையில் வர வேண்டும், சிலவற்றுக்கு இரு முனையிலும் ஒவ்வொன்றாக. ஒருமுனைக் குழாய் பலவற்றில் மறுமுனையின் இரண்டு ஊசிகளும் உள்ளேயே சேர்த்துவிடப்பட்டிருக்கும். அதைத் தலைகீழாக மாட்டினால் நேரடி ஷார்ட் சர்க்கியூட். இருமுனைக் குழாயில் ஆபத்து வேறு மாதிரி: ஒரு முனையை மாட்டிவிட்டு மறுமுனையைக் கையில் பிடித்திருப்பவர் விரலுக்குக் கரண்ட் வரலாம். ஒழுங்காகச் செய்த குழாயில் இதற்குத் தடுப்பு இருக்கும், மலிவானதில் இருக்குமா என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் நடக்கும். மூன்று வருடம் கழித்து வேறொருவர் வந்து, வயரிங் மாறியது தெரியாமல், எங்கோ மிச்சம் கிடந்த பழைய குழலைக் கொண்டுவந்து மாட்டுவார். எனவே பெட்டியின் மேல் அழியாத எழுத்தில், "எல்இடி மட்டும், லைன் இந்த முனை" என்று எழுதி ஒட்டாத வேலையை முடிந்த வேலையாக ஏற்றுக்கொள்ள வேண்டாம். வயரிங்கை மாற்றுவது எரிசக்தி ஆணையமான சுருஹன்ஜாயா தெனாகாவில் பதிவுபெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. கைவேலை தெரிந்த ஃபோர்மேன் செய்வதல்ல.

மூன்றாவது, பழைய பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டு எல்இடிக்கென்றே செய்த புதிய ஃபிட்டிங் போடுவது. பதினைந்து, இருபது வருடம் தகரக் கூரைச் சூட்டில் வெந்த ஹோல்டர் தொட்டாலே உதிரும், வயரின் மேலுறை காய்ந்து வெடித்திருக்கும். அதில் புதுக் குழாயை மாட்டிப் பயனில்லை. செலவு கொஞ்சம் கூடினாலும் பட்டறைக்கு இதைத்தான் நான் சொல்வேன். பெட்டி புதிதாகவும் சோக் நன்றாகவும் இருந்தால் முதல் வழி போதும்.

இனி, மின்கட்டணத்தைவிடப் பெரிய விஷயத்துக்கு வருவோம். லேத் ஓட்டிய பழைய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும்: குழல் வெளிச்சத்தில், வேலைத்துண்டைப் பிடித்துச் சுழலும் சக் சில வேகங்களில் நின்றுவிட்டது போலத் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக்கில் எரியும் குழல் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. நான்கு தாடை கொண்ட சக் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றினால் நொடிக்கு 25 சுற்று. ஒவ்வொரு பிரகாசத்துக்கும் சரியாகக் கால் சுற்று நகர்கிறது. முதல் தாடை இருந்த இடத்தில் அடுத்த தாடை வந்து நிற்க, கண்ணுக்கு எதுவுமே அசையவில்லை. மூன்று தாடை சக்குக்கு இதே மாயம் 2,000 சுற்றில் நடக்கும். இயந்திரம் ஓடும் சத்தம் பக்கத்து கிரைண்டர் இரைச்சலில் மூழ்கிவிட்டால், நின்றுவிட்டது என்று கை நீட்டுவதற்கு ஒரு கணம் போதும்.

அந்தக் காலத்தில் இதற்கு மருந்து வைத்திருந்தார்கள். மூன்று ஃபேஸ் வரும் பட்டறையில் அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு ஃபேஸில் கொடுப்பார்கள், ஒன்று மங்கும்போது மற்றது எரியும். இல்லையென்றால் லேத்தின் தலைமாட்டில் ஒரு சாதாரண குண்டு பல்பு. அதன் இழை சீக்கிரம் ஆறாது, துடிப்பு குறைவு. மலேசியாவில் குண்டு பல்பு 2014-இல் விடைபெற்றது.

எல்இடி வந்தால் துடிப்பே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உள்ளே இருக்கும் டிரைவரைப் பொறுத்தது. குழலின் பாஸ்பருக்குக் கொஞ்சம் நேரம் ஒளியைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு. எல்இடிக்கு அதுவும் கிடையாது, கரண்ட் போன நொடியே இருட்டு. டிரைவர் மின்னோட்டத்தைச் சமப்படுத்திக் கொடுத்தால் ஒளி சீராக இருக்கும். சில சென் மிச்சம் பிடிக்கக் கப்பாசிட்டரைச் சிறிதாக்கிய குழாய், பழைய கலிமந்தாங்கைவிட மோசமாகத் துடிக்கும். குழாயின் அட்டைப்பெட்டியில் எஸ்விஎம் என்ற துடிப்பு அளவு கொடுத்திருந்தால் பாருங்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 0.4-ஐத் தாண்டக் கூடாது. அளவே போடாத குழாய் என்றால் கடையில் ஒன்றை எரியவைத்து, கைபேசியில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். படத்தில் வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால் அது லேத்துக்கு மேலே மாட்டத் தகுந்ததல்ல. கார் கழுவும் இடத்துக்குப் போகட்டும்.

வெளிச்சத்தின் அளவிலும் ஏமாற்றம் உண்டு. 36 வாட் மூவண்ணக் குழல் புதிதில் சுமார் 3,300 லூமென் தரும். பல 18 வாட் எல்இடிகள் 2,000-ஐ ஒட்டி நிற்கும். ஆனால் குழல் சுற்றிலும் வீசும், பாதி வெளிச்சம் கூரைக்குப் போகும். எல்இடி பெரும்பாலும் கீழ்நோக்கியே வீசும். ஆகவே வேலை மேசைக்குக் குறையாது, சுவரும் கூரையும் இருண்டு போகும். கீழே நின்று நிமிர்ந்து காரின் அடிப்பக்கம் பார்க்கிறவருக்கு அந்தச் சிதறிய வெளிச்சம் தேவைப்பட்டது என்பது மாற்றிய பிறகுதான் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வரிசையை மட்டும் மாற்றி ஒரு வாரம் வேலை செய்து பார்ப்பது நல்லது. ஐரோப்பியத் தரத்தில் கரடுமுரடான இயந்திர வேலைக்கு 300 லக்ஸ், நுண்ணிய வேலைக்கு 500. இங்கேயும் பணியிட வெளிச்சத்துக்குத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷ் 2018-இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. பெயிண்ட் நிறம் பொருத்தும் இடத்துக்கு வண்ணக் காட்டல் குறியீடு 90-க்கு மேல் வேண்டும். மற்ற இடத்துக்கு 80 போதும்.

பெயிண்ட் அடிக்கும் அறை, பேட்டரி சார்ஜ் செய்யும் மூலை, பெட்ரோல் ஆவி கனத்தால் இறங்கித் தங்கும் குழி ஆகிய இடங்களில் எந்தச் சாதாரணக் குழாயும் கூடாது. தீப்பொறி வெளிவராதபடி மூடிய தனி ஃபிட்டிங் வேண்டும். சுத்திகரிப்பு ஆலைக்குள் வேலை பார்த்த தொழிலாளிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆயுள் 30,000 மணி என்று பெட்டி சொன்னாலும், பெரும்பாலும் அது 25 டிகிரி சூட்டில் கணக்கிட்டது. மதியம் தகரத்துக்குக் கீழே நிலவும் சூட்டில் எல்இடி சில்லைவிட டிரைவரின் கப்பாசிட்டரே முதலில் சாகும். நம் நாட்டு இடிமின்னலுக்கும் அது பலியாகும். விளக்கைக் கூரையிலிருந்து ஒரு முழம் இறக்கித் தொங்கவிடுவதும், மின்பகிர்வுப் பெட்டியான டிபி-யில் சர்ஜ் தடுப்பான் போடுவதும் விளக்கின் ஆயுளைக் கூட்டும்.

கழற்றிய குழல்களை என்ன செய்வது? ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைத்துத் தொட்டியில் போடக் கூடாது. 2005-ஆம் ஆண்டு திட்டமிட்ட கழிவு விதிமுறையில் பாதரசக் கழிவுக்கு எஸ்டபிள்யூ 109 என்ற குறியீடு இருக்கிறது. புதுக் குழாய் வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு நிமிர்த்தி வைத்து, 180 நாளுக்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய எஞ்சின் எண்ணெய்க்கு, அதாவது எஸ்டபிள்யூ 305-க்கு, வந்துபோகும் சேகரிப்பாளரைப் பட்டறைக்காரருக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்கு 109-க்கும் உரிமம் உண்டா என்று கேட்டுவிட்டு, ஏணியை எடுங்கள்.