திருச்சிராப்பள்ளியிலிருந்து இடைநில்லா விமானங்களும் நமது மலர், காய்கறிகளும்

(விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் எழுதியது)

திருச்சிராப்பள்ளி ஆகாய விமான நிலையத்தின் புதிய கட்டடம் 2024-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி திறந்துவைக்கப்பட்டதையும், அவ்வருஷம் ஜூன் 11-ந் தேதி முதல் பிரயாணிகள் அதன் வழியாகப் போய்வரத் தொடங்கியதையும் வாசகர்கள் அறிவார்கள். 1,100 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் எழுந்த இக்கட்டடம் வருஷம் ஒன்றுக்கு 44 லட்சம் பிரயாணிகளுக்கு இடமளிக்கும்படி அமைக்கப்பட்டது. அது முதற்கொண்டு, நான் செயல் விளக்கத்திற்காகச் செல்லும் கிராமங்களிலெல்லாம் குடியானவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "இனி விமானங்கள் பெருகுமாமே, நம் மல்லிகை நேரே சிங்கப்பூர் போய்ச் சேருமே, இன்னும் ஓர் ஏக்கர் பூ வைக்கலாமா?" என்பதே அக்கேள்வி. ஆம் என்றோ அல்லவென்றோ ஒரு வார்த்தையில் இதற்கு விடை கூறுவது எளிதன்று. விமானம் நமது சரக்கை எவ்விதம் ஏற்றுக்கொள்ளுகிறது, எப்பொழுது ஏற்க மறுக்கிறது என்பதை அறிந்த பின்னரே நிலத்தில் கை வைத்தல் வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்ளுவோம். "நேரடி விமானம்" என்று விளம்பரம் செய்யப்படுவதெல்லாம் இடையில் நில்லாத விமானம் அன்று. ஒரே எண்ணுள்ள விமானம் வழியில் வேறோர் ஊரில் இறங்கி ஏறுமாயினும் அதை நேரடி என்றே சொல்லுவார்கள். பிரயாணிக்கு இதனால் இரண்டு மணி நேரம் நஷ்டம், அவ்வளவே. பூப்பெட்டிக்கோ இது உயிர் போகும் காரியம். இறங்குமிடத்தில் பெட்டிகளை வேறு விமானத்திற்கு மாற்ற நேரின் அவை வெயில் காயும் தளத்தில் கிடக்கும். அறுத்த பின்னும் பூவும் காயும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கின்றன என்பதை நாம் பலமுறை இப்பத்திரிகையில் எழுதியிருக்கிறோம். உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேடு உயருந்தோறும் அம்மூச்சின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது; சில பொருள்களில் மும்மடங்காகவும் ஆகிறது. ஆகவே பெட்டி எத்தனை மைல் சென்றது என்பதினும், எத்தனை முறை இறக்கி ஏற்றப்பட்டது, எத்தனை நாழிகை சூட்டில் கிடந்தது என்பவையே முக்கியம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர்; இடைநில்லாது பறந்தால் ஏறக்குறைய 4 மணி நேரம். கோலாலம்பூர் அதனினும் சற்றுக் குறைவு. கொழும்பு சுமார் 400 கிலோமீட்டரே. இதே பூவைச் சென்னை வழியாக அனுப்புவதாயின், 330 கிலோமீட்டர் லாரியில் சென்று, அங்கே சுங்கப் பரிசோதனைக்கும் விமானத்திற்கும் காத்திருக்க வேண்டும். அதிகாலையில் பறித்த மொட்டு அன்று மாலையில் விரியத் தொடங்கிவிடும் குண்டுமல்லிக்கு இந்தத் தாமதம் அநேகமாக ஒரு நாள் வாழ்வைத் தின்றுவிடுகிறது. திருச்சியில் நள்ளிரவில் புறப்படும் ஒரு விமானம் அங்கே காலை ஆறரை மணிக்கு இறங்கும். ஏனெனில் சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. காலைக் கடைக்குப் பூ கிடைத்துவிடும். எட்டரை, கொப்பு முதலிய ஊர்களின் மல்லிகைக்காரர்கள் இடைநில்லா விமானத்தை ஆவலுடன் எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு.

ஆனால் நாம் மறந்துவிடும் விஷயம் ஒன்றுண்டு. திருச்சிக்கு வந்துபோகும் இவ்விமானங்கள் பிரயாணிகளுக்காக ஓடுபவை. சரக்குக்காக ஓடுபவை அல்ல. இவை பெரும்பாலும் நடுவில் ஒரே நடைபாதையும் இருபுறமும் மும்மூன்று ஆசனங்களுமாக, ஏறக்குறைய 180 பேர் அமரும் விமானங்கள். ஆசனங்களின் கீழே, விமானத்தின் அடிவயிற்றில், ஓர் அறை உண்டு. ஏர்பஸ் 320 என்னும் விமானத்தில் அதன் கொள்ளளவு சுமார் 37 கன மீட்டர். இவ்வறையில் முதலில் ஏறுவது பிரயாணிகளின் மூட்டை; ஆளுக்கு 20 கிலோ என்றாலே 3,600 கிலோ ஆகிவிடுகிறது. அதன் பின் எஞ்சிய இடமும் எஞ்சிய எடையுமே நமக்கு.

இடம் இருந்தும் எடை இல்லாமற் போவதும் உண்டு. விமானம் தூக்கக்கூடிய மொத்தப் பாரத்திற்கு ஓர் எல்லை உளது. எதிர்க்காற்று பலமாயிருந்தாலும், சேருமிடத்தில் மழை மூட்டம் என்று செய்தி வந்தாலும், வேறு நிலையம் வரை செல்வதற்கென அதிக எண்ணெய் ஏற்றுவர். அந்த எண்ணெயின் எடை சரக்கின் கணக்கிலிருந்தே கழிக்கப்படும். கோடையின் உச்சத்தில் சூடேறிய காற்று மெலிந்து விமானத்தைத் தாங்கும் சக்தி குறைகிறது. அப்பொழுதும் கீழே நிற்பது சரக்கே. ஆளை இறக்கிவிட்டுப் பூவை ஏற்றும் கம்பெனி உலகில் இல்லை, இருக்கவும் வேண்டாம்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் எழுதவில்லை. சில வருஷங்களுக்கு முன், பொங்கல் கழிந்த வாரத்தில், எனது சரகத்தைச் சேர்ந்த நான்கு குடியானவர்கள் சேர்ந்து 26 பெட்டி மல்லிகை அனுப்பினர். அனுப்பலாம் என்று ஊக்கம் கொடுத்தவன் நானே. பண்டிகைக்கு ஊர் வந்தவர்கள் அக்கரைக்குத் திரும்பும் வாரம் அது என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு ஆசனமும் காலியில்லை. ஒவ்வொருவரும் அனுமதிக்கப்பட்ட எடை முழுவதும் மூட்டை கொண்டுவந்திருந்தனர். 10 பெட்டிகள் ஏறின. 16 பெட்டிகள் நின்றுவிட்டன. மறுநாள் இரவு விமானத்தில் அவை போனபொழுது மொட்டுக்கள் விரிந்து பழுத்துவிட்டன. அக்கரையில் வாங்குபவர் 10 பெட்டிக்கே பணம் அனுப்பினார். தாமதத்திற்கு ஈடு கேட்டபொழுது, இடமிருந்தால் மட்டுமே ஏற்றப்படும் என்ற நிபந்தனையில் நாங்கள் கையெழுத்திட்டிருந்தது காட்டப்பட்டது. தை முகூர்த்தக் காலமாதலால் அன்று உள்ளூர் மார்க்கெட்டிலேயே பூவுக்கு நல்ல விலை. அங்கே போட்டிருந்தால் லாரிச் சத்தமும் மிச்சம். அந்நால்வரில் வயதில் மூத்தவர் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இதிலிருந்து நான் கற்றது யாதெனில், விமானத்திற்குப் பூ அனுப்ப வேண்டிய காலம் விலை உயர்ந்திருக்கும் காலமன்று என்பதே. கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்த குண்டுமல்லி பங்குனி முதல் ஆனி வரை ஏராளமாகப் பூக்கிறது. அப்பொழுதுதான் உள்ளூர் விலை வீழ்ந்து, பறிகூலிக்கும் கட்டாத நிலைமை உண்டாகிறது. அந்த மிகுதியில் ஒரு பங்கை வெளியே அனுப்பினால் மீதமுள்ள பூவுக்கும் விலை நிற்கும். மார்கழி, தை மாதங்களில் பூ கொஞ்சம், விலை அதிகம், விமானத்தில் கூட்டமும் அதிகம். அக்காலத்தில் வெளியூர் வியாபாரத்தை நம்பி உள்ளூர் வாடிக்கையை விடலாகாது.

இனி, விமானங்கள் மேலும் பெருகுமா என்பதைப் பார்ப்போம். திருச்சியிலிருந்து துபாயும் ஏறக்குறைய சிங்கப்பூரின் தூரமே. எனினும் கீழ்த்திசைக்கு அயல்நாட்டுக் கம்பெனிகள் பலவும் வந்துபோக, மேல்திசைக்கு நம் நாட்டுக் கம்பெனிகளின் விமானங்களையே பெரும்பாலும் நம்பியிருக்கிறோம். இதற்குக் காரணம் தூரமன்று, ஒப்பந்தம். ஒரு நாட்டு விமானம் மற்றொரு நாட்டில் எந்தெந்த ஊரில் இறங்கலாம், வாரத்திற்கு எத்தனை ஆசனம் என்பதை இரு அரசாங்கங்களும் உடன்படிக்கை செய்துகொள்ளுகின்றன. 2003-ம் வருஷம் அக்டோபரில் பாலித் தீவில் கூடிய மகாநாட்டில், அப்பொழுது பிரதம மந்திரியாயிருந்த வாஜ்பாய் அவர்கள், ஆசியான் நாடுகளின் விமானங்கள் இந்தியாவின் 18 யாத்திரை ஊர்களுக்கு எத்தனை முறையும் வரலாமென அறிவித்தார். அப்பதினெட்டில் திருச்சியும் ஒன்று. சிங்கப்பூர், மலேயா நாட்டுக் கம்பெனிகள் இங்கே தாராளமாக வருவதற்கு அதுவே வாயில். 2023-ம் வருஷம் நவம்பரில் வியட்நாமின் ஹோ சி மின் நகரிலிருந்து ஒரு கம்பெனி வரத் தொடங்கியதும் அவ்வாயிலின் வழியே. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் கம்பெனிகள் இறங்குவதற்கு ஒதுக்கப்பட்ட ஊர்களின் ஜாபிதாவில் திருச்சி சேர்க்கப்படவில்லை. ஆகையால் கட்டடம் எவ்வளவு பெரிதாயினும், காகிதத்தில் ஊர்ப்பெயர் ஏறாதவரை அக்கம்பெனிகளின் விமானம் இங்கே வராது. இதைக் கேட்டுப் பெறுவது வியாபார சங்கங்களின் வேலை. நம் விளைபொருள் சங்கங்களும் அதில் குரல் கொடுக்கலாம்.

ஓடுபாதை மற்றொரு தடை. இப்பொழுதுள்ளது 8,136 அடி நீளம். நான் மேலே சொன்ன 180 பேர் விமானத்திற்கு இது போதும். இரு நடைபாதையுள்ள பெரிய விமானம் அடிவயிற்றில் 10 டன்னுக்கு மேலும் சரக்கு ஏற்றவல்லது. முழுப் பாரத்துடன் தொலைதூரம் செல்ல அதற்கு நீண்ட பாதை வேண்டும். 12,500 அடியாக நீட்டவேண்டுமென்ற யோசனை நெடுநாளாக இருந்துவருகிறது. நீட்டுவதற்கு நிலம் வேண்டும். அந்நிலம் ஒருவருடைய பட்டாவிலோ மற்றொரு இலாகாவின் கையிலோ இருக்கிறது. நிலையத்தைச் சூழ்ந்த கிராமங்களில் பாகப் பிரிவினை ஆகியும் பட்டா மாறாமல் தாத்தா பெயரிலேயே கிடக்கும் நிலங்கள் இருக்குமாயின், உடனே சரிசெய்துகொள்ளுவது நலம். நில எடுப்பு அறிவிப்பு வந்த பின் ஓடினால் ஈட்டுத் தொகை கோர்ட்டில் போய்த் தங்கும். கிராம நிர்வாக அலுவலர்கள் இதில் ஜனங்களுக்கு முன்கூட்டியே வழி சொல்லுவார்களாக.

கட்டணக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உளது. விமானச் சரக்குக்கு எடை மட்டுமல்ல, பெட்டியின் பருமனும் பார்க்கப்படும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் வருவது பரும எடை. உண்மை எடை, பரும எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 60, 40, 40 சென்டிமீட்டருள்ள தெர்மாகோல் பெட்டிக்குப் பரும எடை 16 கிலோ. அதில் பூவும் ஐஸும் பெட்டியுமாக 11 கிலோவே இருந்தாலும் 16 கிலோவுக்குப் பணம் கட்டவேண்டும். முருங்கைக்காய் போன்ற நீண்ட காய்களை ஒழுங்கின்றி அடைக்கும்பொழுது இந்நஷ்டம் இன்னும் மிகும். பெட்டி வாங்குமுன் ஒரு கயிறு கொண்டு அளந்து கணக்குப் போட்டுப் பார்ப்பது சிரமமன்று.

வாழையைப் பற்றியும் கேட்கிறார்கள். தொட்டியம், முசிறி, லால்குடிப் பக்கத்து வாழை எடை மிகுந்தது, கிலோவின் விலை குறைந்தது. விமானக் கூலி அதற்குக் கட்டுவது அபூர்வம். அதன் வழி கப்பலே. மாதிரிக்காகவோ விசேஷ ரகத்தையோ விமானத்தில் அனுப்புவோர், பூப்பெட்டியில் ஐஸ் வைப்பதுபோல் வாழையில் வைத்துவிடலாகாது. 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துப் பழம் சரிவரப் பழுக்காது. பழுக்கும் பழங்களிலிருந்து எழும் ஆவி பூவை விரைவில் வாடச் செய்யுமாதலால், இரண்டையும் ஒரே கட்டில் வைப்பதும் கூடாது.

ஏற்றுமதி எண், தாவரச் சுகாதாரச் சான்றிதழ் முதலியவை ஏஜெண்டு மூலம் கிடைக்கும். அவற்றை விரித்தெழுத வேண்டியதில்லை. ஆனால் பூச்சிமருந்து தெளித்த நாளையும் மருந்தின் பெயரையும் தோட்டக்காரரே எழுதி வைக்கவேண்டும். அங்கே பரிசோதனையில் மிச்சம் கண்டால் அழிப்பது உங்கள் சரக்கை, ஏஜெண்டின் சரக்கை அன்று.

ஏஜெண்டுடன் ஒப்பந்தம் செய்யும்பொழுது எழுத்தில் கேட்டுப் பெறவேண்டியவை இரண்டு. விமானத்தில் ஏறாது நின்ற பெட்டியின் நஷ்டம் யாரைச் சார்ந்தது என்பது ஒன்று. நின்ற பெட்டி மறு விமானம் வரை எந்தக் குளிர் அறையில் வைக்கப்படும் என்பது மற்றொன்று. வாரந்தோறும் இவ்வளவு கிலோ என்று முன்னதாக இடம் ஒதுக்கிக்கொள்ளும் ஏற்பாட்டிற்குக் கட்டணம் சற்று அதிகமாகலாம். பத்துப் பேர் சங்கமாகச் சேர்ந்தால் அது தாங்கும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் ஆடு மாடு அறுத்துக் கழிவைத் திறந்த வெளியில் போடுவதும், குப்பை கொட்டுவதும் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. பருந்து, காக்கைகள் அங்கே கூடி விமான இயந்திரத்தில் புகும். பாதையின் இரு முனைகளுக்கும் நேரே உயரமான கட்டடமோ கோபுரமோ எழுப்பவும் முன் அனுமதி வேண்டும். கோழிப் பண்ணைக் கழிவைப் பற்றி இவ்வருஷமும் புகார் எழுந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இன்னும் ஓர் ஏக்கர் மல்லிகை வைக்கலாமா என்ற கேள்விக்கு எனது அபிப்பிராயம் இது: விமானத்தை நம்பி வைக்கவேண்டாம், உள்ளூர் மார்க்கெட்டில் கட்டுமாயின் வைக்கலாம். விமானக் கம்பெனிகள் வருஷத்தில் இருமுறை, மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலும், புதிய கால அட்டவணைக்கு மாறுகின்றன. ஆசனம் நிரம்பாத வழி அப்பொழுது நின்றுவிடும். நிரம்பிய வழியில் விமானம் கூடும். மல்லிகைச் செடியோ வைத்தால் பத்து வருஷத்திற்கு மேல் நிற்பது. ஆகவே இவ்வருஷம் கவாத்து செய்யுமுன், அக்டோபர் அட்டவணையைச் சரக்கு ஆபீசில் கேட்டு, எந்த நாளில் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு விமானம் என்பதைச் சங்கத்தின் சுவரில் எழுதி வைக்கும்படி எனது சரகத்துக் காரியதரிசிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மார்ச் அட்டவணை வெளியானதும், பங்குனிப் பூவுக்கு முன் அதையும் எழுதிக்கொள்ளுவோம்.